இன்ஃபன்ட், டாட்லர், சைல்ட், கிட்: 16 மாதக் குழந்தைக்கு எந்தச் சொல்?

குழந்தைக்கு 16 மாதம் ஆகிறது, விமான டிக்கெட்டில் இன்ஃபன்ட் என்று வருகிறது, காப்பகப் படிவத்தில் டாட்லர் என்று இருக்கிறது, மருந்துப் புட்டியிலோ சில்ட்ரன் என்று போட்டிருக்கிறார்கள், இதில் எது சரி, பேபி என்று எந்த வயதுவரை சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சொற்களுக்கெல்லாம் எங்காவது உறுதியான வயது வரம்பு உண்டா, மாற்றிப் போட்டால் பாதகம் ஏதும் வருமா என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம் என்று எடுத்துக்கொள்கிறேன். வரம்பு உண்டு. ஆனால் மருத்துவத்துக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, வீட்டுப் பேச்சுக்கு ஒன்று. நீங்கள் பார்த்த மூன்று இடங்களிலும் மூன்றுமே சரியாகத்தான் இருக்கின்றன. பாதகம் வரக்கூடிய இடமும் உண்டு, அது மருந்துப் புட்டி. மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலையில் இந்தச் சொற்களோடு தினமும் புழங்குவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சந்தேகத்துக்கே இடமில்லாத சொல் நியோனேட். பிறந்தது முதல் 28 நாள் நிறையும்வரை உள்ள குழந்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிறந்த அன்று பூஜ்ஜியமாவது நாள், எனவே 0 முதல் 27 வரை எண்ணுகிறார்கள். அதிலும் முதல் ஏழு நாளைத் தனியாகவும் 7 முதல் 27 வரை தனியாகவும் பிரிக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமாக நாள் எண்ணக் காரணம் இருக்கிறது. உலகில் ஐந்து வயதுக்குள் நேரும் குழந்தை இறப்புகளில் ஏறத்தாழ பாதி இந்த 28 நாளுக்குள்தான் நேர்கிறது. 20 நாள் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் மருத்துவர்கள் அதை அவசர நிலையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள். இதே காய்ச்சல் ஒரு வயதுக் குழந்தைக்கு வந்தால் அணுகுமுறையே வேறு. நாமோ 22 நாள் குழந்தையையும் 40 நாள் குழந்தையையும் பொதுவாக ‘ஒரு மாதக் குழந்தை’ என்று சொல்லிப் பழகியவர்கள். தொலைபேசியில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ பேசும்போது அப்படிச் சொல்லாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ சொல்வது நல்லது.

நியூபார்ன் என்பது நியோனேட்டின் வீட்டுப் பெயர். மருத்துவர் வாயில் வந்தால் அதே 28 நாள்தான். பெற்றோர் பேச்சில் இரண்டு மூன்று மாதம்வரைகூட நீளும், யாரும் திருத்த மாட்டார்கள். கடையில் அதே சொல் வயதைக் குறிப்பதே இல்லை. டயாப்பர் பாக்கெட்டில் நியூபார்ன் என்று இருந்தால் அது எடைக்கான அளவு, பக்கத்திலேயே எத்தனை கிலோவரை என்று அச்சிட்டிருப்பார்கள். பிறக்கும்போதே நாலு கிலோவுக்கு மேல் இருக்கும் குழந்தைக்கு அந்த அளவு சில நாளிலேயே பற்றாமல் போகலாம். வாங்கும்போது பெயரை விட்டுவிட்டுக் கிலோவைப் பாருங்கள்.

இனி இன்ஃபன்ட். இந்தப் பட்டியலில் அதிகக் குழப்பம் தருவது இதுதான். மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களில் இன்ஃபன்ட் என்றால் ஒரு வயது நிறையாத குழந்தை. இன்ஃபன்ட் மார்ட்டாலிட்டி ரேட் என்று செய்தியில் வருவது, உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறப்பவர்களின் எண்ணிக்கை. மருந்து ஆய்வுகளுக்கான ஐசிஎச் என்ற சர்வதேச வழிகாட்டுதலில் இன்ஃபன்ட்டும் டாட்லரும் ஒரே பிரிவு, 28 நாள் முதல் 23 மாதம்வரை. விமானத்தில் இரண்டாவது பிறந்தநாள்வரை இன்ஃபன்ட். இங்கிலாந்தில் இன்ஃபன்ட் ஸ்கூல் என்று பெயர்ப்பலகை இருந்தால் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது நாலு வயது முதல் ஏழு வயதுவரையான பிள்ளைகள். சட்டத்துக்குள் போனால் இன்னும் விசித்திரம். இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் 21 வயது நிறையாத எவரும் இன்ஃபன்ட். 1969ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தச் சட்டம் அந்த வயதை 18 ஆக்கியது, இன்ஃபன்ட் என்பதற்குப் பதிலாக மைனர் என்று சொல்லவும் வழி செய்தது. நியூயார்க் மாநில உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இன்றைக்கும் 18 வயது நிறையாதவர் இன்ஃபன்ட்தான். பழைய உயிலிலோ நீதிமன்றத் தாளிலோ இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுக் ‘கைக்குழந்தை’ என்று மொழிபெயர்த்தால் 17 வயது இளைஞனைத் தொட்டிலில் போட்டதாகிவிடும். நல்ல மொழிபெயர்ப்பாளர்களே வழுக்கி விழும் இடம் இது.

விமானத்தில் கவனிக்க வேண்டியது பயணத் தேதி. இரண்டு வயது நிறையாதவர் இன்ஃபன்ட், பெரியவர் மடியில் உட்காரலாம். இரண்டு நிறைந்து 12 நிறையாதவர் சைல்ட், தனி இருக்கை வேண்டும். டிக்கெட் வாங்கும் நாளின் வயதை இதற்குக் கணக்கில் கொள்வதில்லை, பறக்கும் நாளின் வயதைத்தான் பார்ப்பார்கள். போகும்போது 23 மாதமாக இருந்து, ஊரில் இருக்கும்போதே இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். இது தெரியாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. திரும்பும் தேதியையும் பிறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

மருந்துக்கு வருகிறேன். பாராசிட்டமால் பல நாடுகளில் இரண்டு வடிவத்தில் கிடைக்கிறது. இன்ஃபன்ட் டிராப்ஸ் என்று சொட்டு மருந்து, சில்ட்ரன்ஸ் சஸ்பென்ஷன் என்று கலக்கிக் கொடுக்கும் திரவம். பெயரைப் பார்த்தால் இன்ஃபன்ட் மருந்துதான் மென்மையானது என்று தோன்றும். பல இடங்களில் அதற்கு நேர் எதிர். சிறு குழந்தைக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும்படி சொட்டு மருந்தைச் செறிவாகச் செய்கிறார்கள். பரவலாக விற்கும் சொட்டு மருந்தில் 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். சஸ்பென்ஷனில் 5 மி.லி. முழுவதற்கும் சேர்த்து 120 அல்லது 125 மி.கி.தான். சஸ்பென்ஷனுக்குச் சொன்ன ‘5 மி.லி.’யைச் சொட்டு மருந்தில் அளந்து கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போய்விடும், அதாவது நாலு மடங்கு. கல்லீரலைப் பாதிக்கும் மருந்து இது, விளையாட்டல்ல. அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்ற பெயரில் விற்கும் இதே மருந்தில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, 2011இல் தயாரிப்பாளர்கள் இரண்டையும் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே இப்போது பெட்டியின் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே திரவம்தான், கூடவே தரும் அளவுக் கருவி மட்டும் மாறும். ஆகவே ஒரு நாட்டில் வாங்கிய புட்டியின் அளவை இன்னொரு நாட்டுப் புட்டிக்குப் பொருத்தாதீர்கள். புட்டியில் ‘1 மி.லி.யில்’ அல்லது ‘5 மி.லி.யில்’ எத்தனை மி.கி. என்று எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள், மருத்துவரிடம் மி.கி.யில் அளவு கேளுங்கள், அந்தப் புட்டியோடு வந்த சிரிஞ்சிலேயே அளந்து கொடுங்கள். உங்கள் குழந்தைக்கு எத்தனை மி.கி. என்று நான் சொல்ல மாட்டேன், அது எடை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது.

உணவுப் பொருளில் இன்ஃபன்ட் என்று எழுதியிருந்தால் பொதுவாக ஒரு வயதுக்குள் என்று கொள்ளலாம். தேன் புட்டியில் இருக்கும் எச்சரிக்கை இதற்கு நல்ல உதாரணம். 12 மாதம் நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது, தொட்டு நக்க வைக்கும் அளவுக்குக்கூடக் கூடாது. குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கலாம். முதிராத குடலில் அவை முளைத்து நச்சை உண்டாக்கும்.

டாட்லர் என்ற சொல் டாட்டில் என்ற வினையிலிருந்து வந்தது, தள்ளாடித் தள்ளாடி நடப்பது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1 முதல் 3 வயதுவரை டாட்லர் என்றும், 3 முதல் 5 வரை ப்ரீஸ்கூலர் என்றும் வைத்திருக்கிறது. தொடக்கம் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், முடிவில்தான் கருத்து வேறுபாடு. பெரும்பாலோர் மூன்றோடு நிறுத்துவார்கள், சிலர் நாலுவரை இழுப்பார்கள். சொல்லில் நடை இருக்கிறது என்பதற்காக நடக்காத குழந்தை டாட்லர் ஆகாது என்றும் இல்லை. இப்படி ஒரு பயம் பெற்றோருக்கு வருவதால் சொல்கிறேன், உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஆரோக்கியமான குழந்தைகள் பிடிமானம் இல்லாமல் தனியாக நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை பரந்திருந்தது. உங்கள் குழந்தை 16 மாதத்தில் இன்னும் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது என்றாலும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உடுப்பு வாங்கும்போது 2டி, 3டி என்று பார்த்திருப்பீர்கள். அந்த டி டாட்லரைக் குறிப்பது, டயாப்பருக்கு இடம் விட்டுத் தைத்திருப்பார்கள். வெறும் 2, 3 என்றால் டயாப்பர் விட்ட பிள்ளைக்கு. பொம்மைப் பெட்டியில் ‘36 மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல’ என்று இருப்பதை நம்மில் பலர் புத்திசாலித்தனத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டு, என் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை, இரண்டு வயதிலேயே விளையாடும் என்று வாங்கிவிடுகிறார்கள். அந்த எச்சரிக்கைக்கும் கெட்டிக்காரத்தனத்துக்கும் சம்பந்தமில்லை. வாய்க்குள் போய்த் தொண்டையை அடைக்கும் அளவுக்குச் சிறிய உறுப்பு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

சைல்ட் என்பது இரண்டு வேலை செய்யும் சொல். வயதைச் சொல்லும்போது, 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் முதல் பிரிவின்படி, 18 வயதுக்கு உட்பட்ட எவரும் சைல்ட், உள்நாட்டுச் சட்டம் அதற்கு முன்பே வயதுவந்தவராக ஏற்றால் தவிர. உறவைச் சொல்லும்போது வயதே கிடையாது, 50 வயது மகனும் அம்மாவுக்குச் சைல்ட்தான். விண்ணப்பத்தில் ‘சில்ட்ரன்’ என்று ஒரு கட்டம் இருந்தால், கல்யாணமான பிள்ளைகளையும் சேர்த்துக் கேட்கிறார்களா, சார்ந்திருப்பவர்களை மட்டுமா என்று அடிக்குறிப்பைப் பாருங்கள். பன்மையில் நாம் செய்யும் தவறு ‘சில்ட்ரன்ஸ்’. சில்ட்ரன் என்பதிலேயே பன்மை இருக்கிறது. கடைசியில் ஸ் வந்தால் ‘குழந்தைகளுடைய’ என்ற பொருளில்தான் வர வேண்டும், எழுத்தில் அதற்கு முன் அபாஸ்ட்ரஃபி என்ற மேற்குறி வேண்டும்.

கிட் என்று சொன்னால் மரியாதைக் குறைவா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆட்டுக்குட்டிக்கான பெயர் பிறகு பிள்ளைகளுக்கும் வந்தது என்பது உண்மை, ஆனால் இன்று கேட்பவர் காதில் ஆடு வருவதில்லை. பேச்சிலும் மின்னஞ்சலிலும் தாராளமாகச் சொல்லலாம். சட்டத் தாள், மருத்துவ அறிக்கை, இரங்கல் கடிதம் இவற்றில் மட்டும் சைல்ட். கைக்குழந்தையைக் கிட் என்பது சற்று ஒட்டாது, ஓடியாடும் பிள்ளைக்குத்தான் அது பொருந்தும். பேப் என்ற சொல்லைக் குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டாம். பழைய நடையில் அது பச்சைக்குழந்தைதான், இன்றைய பேச்சில் காதலன் காதலியை அழைக்கும் சொல். பேபிக்கு வரையறை இல்லை. ஒரு வயதுவரை யாரும் மறுக்க மாட்டார்கள், இரண்டுவரை இயல்பாக ஒலிக்கும். நாலு வயதுப் பிள்ளையைப் பேபி என்று பிறர் முன்னால் சொன்னால் அந்தப் பிள்ளையே கோபித்துக்கொள்ளும். ஸ்காட்லாந்துக்காரர் பேர்ன் என்பார், ஆஸ்திரேலியர் பப் என்பார், இணையத்தில் பெற்றோர்கள் லிட்டில் ஒன் என்பதைச் சுருக்கி எல்.ஓ. என்று எழுதுவார்கள். புரிந்துகொண்டால் போதும், நாம் சொல்ல வேண்டியதில்லை. பிராட் என்பது திட்டு. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அடுத்தவர் பிள்ளையை அப்படிச் சொல்லாதீர்கள்.

நம் பள்ளிச் சுற்றறிக்கைகளில் ‘யுவர் வார்ட்’ என்று படித்துப் பழகிவிட்டு, வெளிநாட்டுப் படிவங்களில் சொந்த மகளை ‘மை வார்ட்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே அதற்குப் பொருள், நீங்கள் பெற்றவர் இல்லை, பாதுகாவலர் மட்டுமே என்பது. குடியேற்ற விண்ணப்பத்தில் இது தேவையில்லாத கேள்விகளைக் கிளப்பும். மகளென்றால் டாட்டர், மகனென்றால் சன்.

குறைமாதக் குழந்தை என்று தமிழில் ஒரே சொல்லாகச் சொல்வதை ஆங்கில மருத்துவம் இரண்டாகப் பிரிக்கிறது. ப்ரீடெர்ம் என்பது காலக் கணக்கு, 37 வாரம் நிறையும் முன் பிறந்தது. 32 வாரத்துக்கு முன்பு என்றால் வெரி ப்ரீடெர்ம், 28 வாரத்துக்கு முன்பு என்றால் எக்ஸ்ட்ரீம்லி ப்ரீடெர்ம். லோ பர்த் வெயிட் என்பது எடைக் கணக்கு, 2,500 கிராமுக்குக் குறைவு. நாள் நிறைந்து பிறந்தும் எடை குறைவாக இருக்கலாம், 36 வாரத்தில் பிறந்தும் 2,700 கிராம் இருக்கலாம். அமெரிக்காவில் ப்ரீமி, பிரிட்டனில் ப்ரெம் பேபி என்று செல்லமாகச் சொல்வது ப்ரீடெர்ம் குழந்தையை. இவர்களின் அறிக்கையில் வயது இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். கிரோனலாஜிக்கல் ஏஜ் பிறந்த தேதியிலிருந்து எண்ணுவது. கரெக்டட் ஏஜ் என்பது 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைவாகப் பிறந்ததோ அதைக் கழித்தது. 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இன்று 26 வாரம் என்றால் 10 வாரத்தைக் கழித்து 16 வாரம். உட்கார்வது, தவழ்வது, பேச்சு இவற்றை இந்த 16 வாரத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும், வழக்கமாக இரண்டு வயதுவரை. தடுப்பூசிக்குப் பெரும்பாலும் கழிப்பது கிடையாது, பிறந்த தேதிக் கணக்குதான். இதை மாற்றிப் புரிந்துகொண்டு தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது, அதிகப் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையையே பாதுகாப்பில்லாமல் விடுவதாகும்.

மருத்துவ அறிக்கையில் இன்ஃபன்டைல் என்று ஏதாவது நோய்ப் பெயரின் முன்னால் இருந்தால் அந்த வயதில் வருவது என்று மட்டுமே பொருள். பெரியவரைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னால் வசை. சைல்டிஷ் என்பதும் பெரியவர்களைக் குறைசொல்லும் சொல்தான், கள்ளமில்லாத குணத்தைப் பாராட்ட சைல்ட்லைக் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தமிழர்களுக்குத் தவறாமல் நேர்வது. தமிழில் குழந்தை அழுகிறது, குழந்தை தூங்குகிறது என்கிறோம். அந்த அஃறிணை முடிவில் அவமரியாதை இல்லை, கொஞ்சல்தான் இருக்கிறது. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ‘இட் ஈஸ் க்ரையிங்’ என்று சொல்லிவிடுகிறோம். பெற்றவர் காதுக்கு அது உறுத்தும். பிறந்த செய்தி கேட்டவுடன் ‘இஸ் இட் எ பாய் ஆர் எ கேர்ள்’ என்று கேட்பது வழக்கம்தான், அதில் தவறில்லை. பதில் தெரிந்த பிறகு ஹீ அல்லது ஷீ. தெரியாதபோது ‘த பேபி’ என்று பெயர்ச்சொல்லையே திரும்பச் சொல்லலாம், அல்லது தே என்று சொல்லலாம்.

வயதை எழுதும் முறையில்தான் படிவங்கள் அதிகம் கெட்டுப்போகின்றன. 1.5 என்று எழுதினால் நீங்கள் நினைப்பது ஒரு வருஷம் ஐந்து மாதமாக இருக்கலாம், படிப்பவர் ஒன்றரை வயது என்று எடுத்துக்கொள்வார். இரண்டு வயதுவரை மாதத்தில் எழுதுங்கள். உங்கள் குழந்தைக்கு ‘16 மந்த்ஸ்’ என்பதே போதும், டாட்லரா இன்ஃபன்ட்டா என்பதைப் படிவத்தை வாங்குகிறவர் முடிவு செய்துகொள்வார். ‘மூன்று நடக்கிறது’ என்பதை ‘ரன்னிங் த்ரீ’ என்று சொன்னால் வெளிநாட்டவருக்குப் புரியாது, நிறைந்த வயதான இரண்டைச் சொல்லுங்கள். ‘அண்டர் டூ’ என்றால் இரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள்வரை. ‘டூ அண்ட் அண்டர்’ என்றால் இரண்டு வயதுப் பிள்ளையும் அதில் அடக்கம், மூன்றாவது பிறந்தநாள்வரை. ‘டூ-இயர்-ஓல்டு’ என்று கோடு போட்டு எழுதும்போது இயர் ஒருமையில் நிற்கும், ‘டூ இயர்ஸ் ஓல்டு’ என்று கோடில்லாமல் எழுதும்போது பன்மை. பிறந்த தேதியில் மாதத்தை எண்ணில் எழுதாமல் பெயராக எழுதுங்கள். 03/04 என்பது பல நாடுகளில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. கைக்குழந்தை விஷயத்தில் அந்த ஒரு மாத வித்தியாசம் தடுப்பூசி அட்டையையும் டிக்கெட்டையும் சேர்த்தே மாற்றிவிடும்.